பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த பிரெஸ்ஸாவும் நெக்ஸானும்

கார் வாங்கப் போகிறவர்களிடம் சொல்லப்படுவது எல்லாமே ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஒரே ஆளை மனதில் வைத்துத்தான் சொல்லப்படுகிறது. கொஞ்ச காலமாக இந்த எண்ணம் என்னை விடவே இல்லை. பிக்கப் எப்படி, க்ளட்ச் கனக்கிறதா, நூறில் போகும்போது வண்டி ரோட்டைப் பிடிக்கிறதா, டச் ஸ்கிரீன் எத்தனை இஞ்ச். பின் சீட்டைப் பற்றி ஏதாவது வந்தால், ஆறடி உயரமுள்ள ஒருவர் உட்கார்ந்து முட்டிக்கும் முன் சீட்டுக்கும் நடுவே கையை நுழைத்துக் காட்டுவார். அத்தோடு முடிந்தது. எங்கள் வீட்டில் ஆறடியில் யாரும் இல்லை. பின்னால் உட்காருவது எழுபதைத் தாண்டிய, முட்டி வலியோடு இருக்கும் அம்மா, மலை ஏறினாலே வாந்தி எடுக்கும் எட்டு வயது மகள், இருவருக்கும் நடுவே என் மனைவி. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த மூன்று பேரும்தான் பின்னால். ஓட்டுவது நான், முன்னால் அப்பா. இது எங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பழைய சின்னக் காரை மாற்ற வேண்டும் என்று முடிவானதும் கடைசியில் நின்றவை மாருதி பிரெஸ்ஸாவும் டாடா நெக்ஸானும். இந்த இரண்டில் எது என்று கேட்காத நடுத்தரக் குடும்பம் இன்று குறைவு. இரண்டும் 3995 மில்லிமீட்டர் நீளம். நாலு மீட்டருக்குள் அடக்கினால் வரி குறைவு என்பதற்காக அளந்து வெட்டிய நீளம் அது. ஆனால் சலுகைக்கு நீளம் மட்டும் போதாது. பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள்ளும், டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் இஞ்சின் இருக்க வேண்டும். பிரெஸ்ஸாவில் இருப்பது 1462 சிசி பெட்ரோல் இஞ்சின். நெக்ஸானின் பெட்ரோல் 1199 சிசி, டீசல் 1497 சிசி. ஆகவே 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது பெட்ரோல் நெக்ஸானுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது, பிரெஸ்ஸாவுக்கு 45லிருந்து 40க்கு மட்டுமே இறங்கியது. அதன் பிறகு எக்ஸ்-ஷோரூம் ஆரம்ப விலை நெக்ஸானுக்கு ஏறக்குறைய 7.3 இலட்சம், பிரெஸ்ஸாவுக்கு 8.26 இலட்சம் என்று இருந்தது. அதுவரை தராசு சமமாக நின்றிருந்தால் அந்த நாளோடு ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எனக்குச் சாயவில்லை. பிரெஸ்ஸாவின் நாலு சிலிண்டர் இஞ்சின் ஓடும் சத்தமில்லாத ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. எந்தச் சின்ன ஊரிலும் அதற்கு மெக்கானிக் கிடைப்பார், பாகம் கிடைக்கும். போடி போன்ற ஊரைச் சொந்த ஊராக வைத்திருப்பவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இரண்டையும் டெஸ்ட் டிரைவ் எடுத்திருந்தேன். ஷோரூமிலிருந்து கிளம்பி, கோவை அவிநாசி ரோட்டில் ஒரு யூ-டர்ன் போட்டுத் திரும்பி வருவதுதான் டெஸ்ட் டிரைவ். அதில் தெரிய வேண்டியது எதுவும் தெரியாது. ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அதை மறுபடி ஆரம்பித்தபோது மனைவி சொன்னாள்: “ஏங்க, நீங்க எழுதறது பூரா ஓட்டறவங்க சமாச்சாரமா இருக்குது. வண்டிய நான் ஓட்டறேன். நீங்க அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல உக்காந்து போடி வரைக்கும் வாங்க. அப்பறம் எழுதுங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

போடி வரைக்கும்

மச்சானிடம் பிரெஸ்ஸா இருக்கிறது. இப்போது விற்கிற, 2022இல் வந்த உருவம், மேனுவல் கியர். ஒரு வார இறுதிக்கு வாங்கிக்கொண்டோம். பொள்ளாச்சி, உடுமலை, பழநி, ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, போடி. வழக்கமான வழிதான், ஆனால் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து நான் அந்த வழியில் போனது அதுதான் முதல் தடவை. அங்கே இருப்பவருக்குச் சாய்மானம் எதுவும் இல்லை. வண்டி இடது வளைந்தால் பாப்பா மேல், வலது வளைந்தால் அம்மா மேல். காலை ஒழுங்காக வைக்க இடம் கிடையாது, தரை நடுவில் மேடு. முன் சீட்டில் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது. மனைவி இத்தனை காலம் ஏன் வழியில் பேச்சில் கலந்துகொள்வதில்லை என்று அப்போது புரிந்தது.

அம்மா அந்த வண்டியில் ஏறியதைச் சொல்ல வேண்டும். பிரெஸ்ஸா பெட்டி மாதிரி நிமிர்ந்த வண்டி, உயரம் 1685 மில்லிமீட்டர். அம்மா சீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள், உட்கார்ந்தாள், பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். தலையைக் குனியவே இல்லை. கைப்பிடியையும் தேடவில்லை. “நாற்காலில உக்கார்ற மாதிரி இருக்குப்பா” என்றாள். பாப்பாவுக்குக் கண்ணாடி பெரியது. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண் ஒன்றைப் பார்த்து, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றை உணரும்போதுதான் வண்டியில் குமட்டல் வருகிறது. வெளியே தூரத்தில் அசையாத ஏதாவது கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் பாதித் தொல்லை தீரும். மருந்து கொடுத்தும் அடங்காத பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மறுநாள் பூப்பாறையில் சித்தி வீட்டுக்குப் போனோம். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டு வரும், நாம் நின்று வழிவிட்டுப் பிறகு நின்ற இடத்திலிருந்து ஏற வேண்டும். ஐந்து பேரோடு பிரெஸ்ஸா ஏறியது, ஏறாமல் இல்லை. ஆனால் டர்போ இல்லாத இஞ்சின். அதன் முழு இழுவையான 137 நியூட்டன் மீட்டர் வருவதே இஞ்சின் நிமிடத்துக்கு 4400 தடவை சுற்றும்போதுதான். ஒவ்வொரு வளைவிலும் மனைவி முதல் கியருக்கு இறங்கி, இஞ்சினை விரட்டி, இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஓட்டுகிறவருக்கு அது வேலை. பின்னால் இருப்பவருக்கு அது குலுக்கல். முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ளி. பாதி மலையில் பாப்பா கவரைக் கேட்டாள்.

கொஞ்ச நாள் கழித்துச் செல்ஃப் டிரைவ் வாடகைக்கு நெக்ஸான் எடுத்தோம், பெட்ரோல், அதுவும் மேனுவல். அதே வழி, அதே ஆட்கள், உட்காரும் இடமும் அதே. இதன் உயரம் 1620 மில்லிமீட்டர். பிரெஸ்ஸாவை விட 65 மில்லிமீட்டர் குறைவு என்று தாளில் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பின் பக்கம் கூரை சரிந்து இறங்கும் வடிவம் என்பதால் அந்தக் குறைவு முழுக்க அம்மாவின் தலைக்கு மேல்தான் வந்து நின்றது. உட்காரும்போதே கழுத்தை வளைத்து உள்ளே கொண்டுபோக வேண்டும், இறங்கும்போது அதே வளைவோடு முட்டியை ஊன்றி எழ வேண்டும். பழநியில் டீ குடிக்க இறங்கியபோது, “நீங்க குடிச்சிட்டு வாங்கப்பா, நான் உள்ளயே இருக்கேன்” என்றாள். பாப்பா பக்கம் கண்ணாடி ஆரம்பிக்கும் உயரமே அதிகம், பின்னால் போகப் போக அது இன்னும் ஏறுகிறது. அவள் உயரத்துக்குக் கதவின் பிளாஸ்டிக்தான் தெரிந்தது.

இவ்வளவுக்கும் உட்கார்ந்த பிறகு நெக்ஸானின் பின் சீட்தான் மேல் என்பேன். வண்டி அகலம் 1804 மில்லிமீட்டர், தொடை முழுக்கத் தாங்குகிறது, நடுவில் இருந்த எனக்கு உடல் அவ்வளவு அலையவில்லை. செம்பட்டிப் பக்கம் வெள்ளைக் கோடு அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர்கள் திடீர் திடீரென்று வரும். அவற்றில் விழுந்து எழும்போது அம்மா இடுப்பைப் பிடிக்கவில்லை. போடிமெட்டில் டர்போ இஞ்சின் 1750 சுற்றிலிருந்தே 170 நியூட்டன் மீட்டரைக் கொடுத்ததால் முக்கால்வாசி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே மனைவி ஏற்றிவிட்டாள். மூன்று சிலிண்டர் அதிர்வு நிற்கும்போது காலடியில் தெரிகிறது. மலையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆக, அம்மாவுக்குப் பிரெஸ்ஸா. மனைவிக்கு நெக்ஸான். பாப்பாவுக்கு ஒன்றில் ஜன்னல், இன்னொன்றில் மலை. ஊருக்குப் போய்வந்தும் தராசு நடுவிலேயே நின்றது.

அந்த ஐந்து நட்சத்திரம் யாருக்கு

நெக்ஸான் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது நட்சத்திரம்தான். நியாயமாகத்தான் சொல்கிறார்கள். 2018இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய வண்டி அது. விதிகள் கடுமையான பிறகு 2024இல் மறுபடி ஐந்து வாங்கியது. பிறகு நம் நாட்டின் பாரத் என்கேப்பிலும் பெரியவர்கள் பாதுகாப்பில் 32க்கு 29.41, குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 43.83. பிரெஸ்ஸாவின் பழைய உருவம் 2018இல் நாலு நட்சத்திரம் வாங்கியது. இப்போது விற்கும் உருவத்துக்கு, நான் முடிவெடுக்க நின்றபோது, நட்சத்திரம் எதுவும் வெளியாகியிருக்கவில்லை. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்பி, நடு சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட் எல்லாம் அதிலும் வந்துவிட்டன.

பின் சீட்டில் போய்வந்த பிறகு இந்த எண்களை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முன்பக்கத்தில் 40 சதவீதத்தைத் தடுப்பில் மோதவிடுகிறார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள்? முன்னால் பெரியவர் அளவுள்ள இரண்டு பொம்மைகள், இருவருக்கும் பெல்ட். பின்னால் ஒன்றரை வயது, மூன்று வயது அளவுள்ள இரண்டு குழந்தைப் பொம்மைகள், இரண்டும் அவற்றுக்கான சீட்டில் கட்டப்பட்டு. பின் சீட்டில் பெரியவர் யாரும் கிடையாது. அந்த 29.41இல் என் அம்மா இல்லை. நடுவில் உட்காரும் என் மனைவி இல்லை. எட்டு வயது மகள் 43.83இலும் இல்லை. மோதலில் உட்கூடு நசுங்காமல் நிற்பது எல்லோருக்கும் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முட்டிக்கும் மார்புக்கும் என்ன ஆகும் என்று அளந்து போட்ட மதிப்பெண் முன் சீட்டுக்குச் சொந்தம்.

இது நம் நாட்டில் மட்டும் இருந்த விடுபடல் இல்லை. அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு 2022 டிசம்பரில்தான் இதே மாதிரி மோதல் சோதனையில் ஓட்டுநருக்குப் பின்னால் குட்டையான பெண் அளவுள்ள ஒரு பொம்மையை உட்கார வைத்தது. முதலில் சோதித்த 15 சிறிய எஸ்யூவிகளில் நல்ல மதிப்பு வாங்கியவை இரண்டே இரண்டு. அவற்றில் பல, பழைய சோதனையில் உயர்ந்த மதிப்பு வாங்கியவை. காரணம் எளிது. இத்தனை வருடமாக ஏர்பேக்கும், மோதும் கணத்தில் இறுக்கிப் பிறகு அளவாகத் தளர்த்திக்கொடுக்கும் பெல்ட்டும் முன் சீட்டில்தான் வளர்ந்தன. எதை அளந்தார்களோ அது வளர்ந்தது. குழந்தைகளுக்கு இன்றும் பின் சீட்தான் பத்திரமான இடம். வயதானவர்களுக்குப் புது வண்டிகளில் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

அதுவும் பெல்ட் போட்டிருந்தால். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்த்ரி இறந்த விபத்தை நாடே பேசியது. பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை, இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். நாமும் கொஞ்ச நாள் பேசினோம். இன்று எந்தக் கல்யாணத்துக்குப் போகிற வண்டியை வேண்டுமானாலும் பாருங்கள். பின்னால் பெல்ட் கிடையாது, மடியில் குழந்தை. அலாரம் அடித்தால் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொள்கிறார்கள். சிலர் வெறும் பக்கிளை மட்டும் வாங்கிச் செருகிவைக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அம்மாவும் போடமாட்டாள். ஏன் என்று ஊருக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். பக்கிள் சீட்டின் மடிப்புக்குள் புதைந்து கிடக்கிறது. அதை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பெல்ட்டின் நாக்கை அதில் செருக வேண்டும். வாதம் வந்த விரல்களுக்கு அந்த அழுத்தம் வரவில்லை. செருகிவிட்டாலும் குட்டையான உடம்புக்குப் பட்டை தோளில் நிற்காமல் கழுத்தோரம் ஏறுகிறது. முன் சீட்டில் மாதிரி தூணில் ஏற்றி இறக்கப் பின்னால் வழியில்லை. இரண்டு வண்டியிலும் இதேதான். அவள் பிடிவாதக்காரி இல்லை. அந்தப் பட்டை அவள் உடம்பை நினைத்துச் செய்யப்படவில்லை.

இடம் மாற்றம்

மனைவியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “அப்ப அம்மாவ முன்னாடி உக்கார வெச்சா என்ன?”

நான் எழுதிய எதிலும் அந்தக் கேள்வி இல்லை. எங்கள் வீட்டில் முன் சீட் அப்பாவுடையது. யாரும் முடிவு செய்து வைத்ததில்லை, அப்படியே நடந்து வந்தது. பொம்மையை வைத்துச் சோதித்த சீட் அது. பெல்ட்டை அவள் தோளுக்கு இறக்கிவைக்கலாம். பக்கிள் நிமிர்ந்து நிற்கும், பக்கத்தில் ஓட்டுகிறவர் செருகிவிடலாம். முன் கதவில் கூரை சரிவதில்லை. சீட்டைப் பின்னால் தள்ளி டேஷ்போர்டுக்கும் மார்புக்கும் நடுவே நல்ல இடைவெளி விடலாம், ஏர்பேக்குக்கு அது அவசியம். நேரே சாலையைப் பார்த்து வருவதால் அவளுக்கும் தலை சுற்றாது.

அப்பாவிடம் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன். அவர் கேட்டுவிட்டு, “எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். இத முன்னாடியே சொல்லக்கூடாதா” என்றார். அவ்வளவுதான்.

நெக்ஸான் நின்ற ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிப்போனோம். விற்பனையாளர் இளைஞர், பொறுமைசாலி. முன் சீட்டில் அம்மா ஏறி இறங்கி, மறுபடி ஏறி, பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டை தோளின் நடுவில் படிந்தது. அம்மா அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். “இது உறுத்தலையே” என்றாள். பாப்பாவுக்காக நாங்கள் ஒரு பூஸ்டர் சீட்டைக் கொண்டுபோயிருந்தோம். ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை அவள். ஐரோப்பாவில் 150 சென்டிமீட்டர் வரை, சில நாடுகளில் 135 வரை பிள்ளைகளுக்கு இது கட்டாயம். நம் ஊரில் 14 வயதுக்குக் கீழே பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்தார்கள், கேட்பார்தான் இல்லை. பூஸ்டரில் உட்கார்ந்ததும் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கியது, மேல்பட்டை கழுத்தை விட்டுத் தோளுக்கு வந்தது. கூடவே தலை கண்ணாடிக்கு மேலே வந்துவிட்டது. “அப்பா, வெளிய தெரியுது!” என்றாள். பிரெஸ்ஸாவின் பெரிய ஜன்னலுக்காக நான் போட்டு வைத்திருந்த மதிப்பெண் அங்கேயே கரைந்தது.

அன்றே நெக்ஸான் புக் செய்தோம். பெட்ரோல், மேனுவல், சன்ரூஃப் இல்லாத வேரியன்ட். மிச்சமான பணத்தில் நல்ல பூஸ்டர் ஒன்று சொந்தமாக வாங்கியாயிற்று, ஷோரூமுக்குக் கொண்டுபோனது நண்பருடையது. நடு சீட்டில் இனிமேல் நெடுந்தூரம் முழுக்க ஒரே ஆள் கிடையாது. ஐந்து பேர் போகிறோம் என்றால் முன்னால் அம்மாவும் ஓட்டுகிறவரும், பின்னால் மூவர்தான். அந்த நடு இடத்தை நானும் மனைவியும் பாதி வழியில் மாற்றிக்கொள்வோம், ஸ்டியரிங்கும் அப்படியே கைமாறும்.

பிரெஸ்ஸாவை வேண்டாமென்று யாருக்கும் சொல்லமாட்டேன். என் மாமனாருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. டிரைவர் ஓட்ட, பின் சீட்டில்தான் போவார். ஆர்.எஸ்.புரத்தைத் தாண்டி மருதமலை அடிவாரம் போனாலே அவருக்குத் தூரம், வேகம் நாற்பதைத் தாண்டாது, மலைப்பாதை கிடையாது. அவருக்கு வேண்டியது குனியாமல் ஏறி இறங்கும் கதவும், வெளியே நன்றாகத் தெரியும் கண்ணாடியும், அதிராத இஞ்சினும். அடுத்த வாரம் அவரைப் பிரெஸ்ஸா பார்க்கக் கூட்டிப்போகிறேன். பின் கதவைத் திறந்து அவர் உட்கார்ந்து எழுந்து, பெல்ட்டையும் மாட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவதாக ஏற்பாடு.